நானூறு கிராம் கெளுத்தி

ஜூன் 12, புதன்

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும் எழுதுவேன். இதை அக்காவிடம் சொன்னேன்.

"உனக்குச் சாதகமில்லாததை எல்லாம் எழுதணும்னா இந்த ஒரு நோட்டு பத்தாதுடி, ஆராய்ச்சி" என்றாள்.

ஆராய்ச்சி என்பது அவள் எனக்கு வைத்த பெயர். அவள் கல்லூரியில் முதல் வருடம். புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவதைப் படிப்பது என்று சொல்லிக்கொள்கிறாள். (இது உண்மை. கூட்டவில்லை.)

இனி விஷயம். அப்பா பத்தொன்பது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தார். வருடத்தில் பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். இந்தத் தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று சிமெண்ட் தொட்டி கட்டி, ஏப்ரலில் கெளுத்திக் குஞ்சு விட்டிருக்கிறார். தொட்டிக்கு முன்னூறு. இதற்கிடையில் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மறுபடி வேலைக்கு வருவதானால் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பதில் எழுத வேண்டும்.

அம்மா நிபந்தனை போட்டுவிட்டாள். அந்தத் தேதியில் மீன் சராசரியாக நானூறு கிராம் இருந்தால் அப்பா வீட்டில், இல்லாவிட்டால் கப்பலில். நானூறுக்குக் கீழே இருந்தால் மீன் கடைக்காரர் எடுக்க மாட்டாராம். அம்மா தையல்காரி. அவள் சொல் கத்தரி போட்ட துணி மாதிரி, மறுபடி ஒட்டாது.

இன்று எடை போட்டோம். சராசரி எழுபத்திரண்டு கிராம். நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இந்த வயதுக்கு நூற்றிருபது என்று போட்டிருக்கிறது.

"எலும்பு கெட்டியா வளருது" என்றார் அப்பா.

"அப்போ எலும்பை வித்துக்கோங்க" என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமலே.

ஜூன் 13, வியாழன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அப்பா போவதில் எனக்கு விருப்பமில்லை. வந்த புதிதில், நான் எந்த வகுப்பு என்று என்னிடமே கேட்டார். அப்போது ஒன்பது. இப்போது என் பாட அட்டவணையே அவருக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை விளையாட்டு வகுப்பு என்றால் எனக்கு வயிற்றுவலி வரும் என்பதுகூடத் தெரியும். இவ்வளவு படித்த மனிதரைத் திருப்பி அனுப்புவது வீண்.

ஜூன் 15, சனி

இன்று கண்டதை எழுதக் கை கூசுகிறது. அப்பா இரண்டாம் தொட்டியில் ஒரு கரண்டி தண்ணீர் மொண்டார். வாயில் விட்டார். கண்ணை மூடி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் ஓட்டி, செடியோரம் துப்பினார். "கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு கை கல்லுப்பை அள்ளித் தொட்டியில் போட்டார்.

"என்னப்பா பண்றீங்க?"

"குஞ்சு குடுத்தவர் சொன்னாரும்மா. தண்ணி லேசா கரிச்சா மீனுக்குப் புண்ணு வராதாம். இது கரிக்கவே மாட்டேங்குது. நானும் வாராவாரம் போடுறேன்."

"அளவு எவ்வளவுன்னு சொன்னாரா?"

"அளவு எதுக்கு? பத்தொன்பது வருஷம் இந்த நாக்குதான் அளவு. இருபத்திரண்டு பேர் சாப்பிட்டாங்க. ஒருத்தர்கூட எழுந்து போனதில்லை."

அக்கா ஜன்னலில் இருந்து, "நடுக்கடல்ல எழுந்து எங்கப்பா போவாங்க?" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். அப்பா முட்டை பொரித்துத் தந்தால் நாங்கள் மூவரும் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறோம். அவர் மட்டும் குடிப்பதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

(விளையாட்டு வகுப்பு. வயிற்றுவலி.)

வேதியியல் டீச்சரிடம் இரண்டு மீட்டர் கேட்டேன். ஒன்று தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும். மற்றது பி.எச். காட்டும், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று. ஏழு என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்.

"உடைச்சிட மாட்டியே?" என்றார்.

"மாட்டேன் டீச்சர்."

"போன வருஷமும் ஒருத்தி இப்படித்தான் சொன்னா. பியூரெட் கண்ணாடிக் குழாய் ரெண்டு துண்டா வந்துச்சு. அவளும் உன்னை மாதிரியே ரெட்டை ஜடை."

அது நான்தான். எங்கள் இருவருக்கும் அது தெரியும். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 19, புதன்

லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு: முதல் தொட்டி ஏழு. இரண்டாவது எட்டரை. மூன்றாவது ஆறே முக்கால்.

புத்தகத்தில் இரண்டு போதும் என்று இருக்கிறது. நான்கைத் தாண்டிப் போகப் போக மீன் தீனி எடுப்பது குறையும். எடுத்த தீனியும் சதை வைக்கப் போகாமல், உடம்பைச் சமாளிக்கவே செலவாகிவிடும். அப்பாவிடம் காட்டினேன். அவர் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றார்.

ஆகவே ஒரு சோதனை வைத்தேன். மூன்று செம்பு குடிதண்ணீர். ஒன்றில் லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு, ஒன்றில் நான்கு, ஒன்றில் எட்டு. எது எதுவென்று எனக்கு மட்டும் தெரியும். அம்மா இரண்டு கிராம் செம்பிலேயே, "லேசா கரிக்குது" என்றாள். அக்கா எட்டு கிராமை வாயில் விட்டதும் வாசலுக்கு ஓடினாள். அப்பா மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். இரண்டுக்கு, "வெறும் தண்ணி." நான்குக்கு, "இதுவும் வெறும் தண்ணி, செம்பு சரியா கழுவலை." எட்டை எடுத்து இரண்டு வாய் குடித்தார்.

"ஆங். இது லேசா கரிக்குது. சூப்புக்கு இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்."

அம்மா சிரித்த சிரிப்பில் ஊசியில் கோர்த்த நூல் விட்டுப்போய்விட்டது. "கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். இன்னைக்குத்தான் ஆதாரம் கிடைச்சிருக்கு. இதை ஒரு பேப்பர்ல எழுதித் தேதி போட்டுக் குடுடி, கண்ணாடி போட்டு மாட்டணும்."

அப்பா மூன்று செம்பையும் கழுவிக் கவிழ்த்தார். பிறகு உப்பு வாளியைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 22, சனி

தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறோம். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. குழாய் பிடிப்பது நான், கணக்குச் சொல்வதும் நான், திட்டு வாங்குவதும் நான். அக்கா மேற்பார்வை.

ஜூலை 3, புதன்

உப்பு மூன்று தொட்டியிலும் இரண்டு சொச்சம். சராசரி எடை நூற்றுப் பதினெட்டு. தீனி போட்டால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருக்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

அடுத்தது பி.எச். பத்து நாளாகத் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் நாலரை மணிக்கு அளக்கிறேன். ஒரு நாள் தவறவில்லை, ஒரு நிமிடம் முன்பின் இல்லை. ஒன்பதுக்கு மேலேயே நிற்கிறது. ஆறரையிலிருந்து எட்டுவரை இருந்தால் நல்லது என்கிறது புத்தகம். அப்படியானால் காரம் அதிகம். அமிலம் சேர்த்தால் இறங்கும். என்ன அமிலம் என்று அப்பாவோடு கலந்து பேசினேன். வினிகர் என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பழைய கூட்டாளியைச் சந்தித்தவர் மாதிரி.

"வினிகர்ல என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா அளவு உன்னுது."

அம்மா எட்டிப் பார்த்தாள். "போன மாசம் உப்பு, இந்த மாசம் வினிகர். மீன் வளர்க்கிறீங்களா, ஊறுகாய் போடுறீங்களா?"

ஜூலை 8, திங்கள்

நாலரை மணி: 7.8. வெற்றி.

ஜூலை 10, புதன்

காலையில் போட்ட தீனி அப்படியே மிதக்கிறது. மீன்கள் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முதல் தொட்டியில் ஐந்து செத்துவிட்டன. மாலையில் அளந்தேன், 7.6. எவ்வளவு அழகான எண். பிறகு ஏன்?

"உன் மீட்டர் சொல்றது சரிதான். மீனுங்கதான் இன்னும் அந்தப் புத்தகத்தைப் படிக்கலை போல" என்றார் அப்பா. வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. போர்வையோடு போய் மீட்டரைத் தொட்டியில் விட்டேன். 5.1.

உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கழுவித் துடைத்து மறுபடி விட்டேன். 5.1. டீச்சர் முகம் கண்ணில் வந்தது. ஒன்பது மணிக்கு அளந்தேன், ஆறு. பன்னிரண்டுக்கு ஏழு. மூன்று மணிக்கு 7.7. மீட்டர் உடையவில்லை. தண்ணீர்தான் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிறது.

புத்தகத்தில் நான் சரியாகப் படிக்காமல் தாண்டிய பக்கத்தில் இருக்கிறது. வெயில் இருக்கும்போது பச்சைப் பாசி தண்ணீரில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பி.எச். ஏறும். இருட்டியதும் மீனும் பாசியும் சேர்ந்து அந்த வாயுவை வெளியே விடும், தண்ணீர் அமிலமாகும், பி.எச். இறங்கும். விடியற்காலையில்தான் அடிமட்டம். வினிகருக்கு முன்னால் காலையில் ஏழையொட்டி இருந்திருக்கும், அது நல்ல தண்ணீர். நான் வினிகர் விட்டு அதை இன்னும் கீழே தள்ளிவிட்டேன். ஒரே நேரத்தில் அளந்தால் அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன். என் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும் என்பது தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

நான்தான் — ஐயோ, நான்தான் பண்ணிட்டேன். அஞ்சு மீனு. ஒரு வாரம் வளர்ச்சி போச்சு. அப்பா கப்பலுக்குப் போனா அது என்னாலதான். இதை எப்படிப் போய்ச் சொல்றது? சொல்லாம இருந்தா? யாருக்கும் தெரியாது. இந்த நோட்டுக்குத் தெரியும்.

மாலை, அதே நாள்

சொல்லிவிட்டேன். அப்பா முழுவதும் கேட்டார்.

"நீ எத்தனை மணிக்கு அளந்தே?"

"நாலரைக்கு."

"நான் எதை வச்சு உப்புப் பார்த்தேன்?"

"உங்க நாக்கை வச்சுப்பா."

"அப்போ ரெண்டு பேரும் அவங்கவங்க வசதிக்கு அளந்திருக்கோம். கஞ்சியைக் குடி."

கஞ்சியை அப்பாதான் வைத்திருந்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு ஒரு செம்பு தண்ணீர்.

ஜூலை 14, ஞாயிறு

வினிகர் நிறுத்தம். தண்ணீர் மாற்றம். சுண்ணாம்புக் கல்லை உடைத்துச் சாக்கில் கட்டித் தொட்டிக்குள் போட்டிருக்கிறோம், அமிலம் ஏறாமல் பிடித்துக்கொள்ளும். பாசி குறைய வேண்டுமானால் வெயில் குறைய வேண்டும், அதற்குத் தொட்டியில் பாதிக்கு நிழல் வலை. கடையில் வாங்கிய வலையை அம்மா ஒரு மணி நேரம் மிஷினில் வைத்திருந்தாள். பார்த்தால் நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, மூலைக்கு மூலை நாடாவும் வைத்திருக்கிறாள்.

"மீனுக்கு எதுக்கும்மா ஓரம் அடிக்கிறே?"

"பிரிஞ்சு தொங்குச்சுன்னா பார்க்கிறவங்க மீனையா சொல்லுவாங்க, என்னைத்தான் சொல்லுவாங்க."

அக்கா, "ஒரு பாக்கெட்டும் வச்சுக் குடும்மா, மீட்டரைப் போட்டுக்க" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

காலை ஆறுக்கு 6.9. மாலை நாலரைக்கு 8. உப்பு 2.1. இப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை அளக்கிறேன். நான் பள்ளியில் இருக்கும்போது மதிய அளவு அப்பாவுடையது. தேதியும் மணியும் போட்டு எழுதிவைக்கிறார். கீழே கையெழுத்தும் போடுகிறார், யாரும் கேட்காமலே.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இருநூற்று முப்பத்தெட்டு. இன்னும் இருபத்தேழு நாள். ஒரு நாளைக்கு ஆறு கிராம் வேண்டும். இப்போது ஐந்துதான் வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் ஒரு தாளில் எதையோ வகுத்துக்கொண்டிருந்தார், நான் போனதும் மடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அம்மா இன்று அப்பாவின் வெள்ளைச் சமையல் சட்டைகளை இஸ்திரி போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

இரண்டு நாள் முன்பே எடை பார்த்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். விதிகளை நேற்றே எழுதி ஒட்டியிருந்தேன். தொட்டிக்கு இருபது மீன், வலையில் வந்தது வந்தபடி, பொறுக்கக் கூடாது. நேற்று மாலையிலிருந்து தீனி கிடையாது. வயிற்றில் தீனி இருந்தால் அதுவும் சேர்ந்து எடை காட்டும்.

அறுபது மீன். சராசரி நானூற்று ஆறு.

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அப்போதுதான் எடை போட்ட வாளியைப் பார்த்தேன். ஊறிய தீனி மிதந்தது. பயந்தால் கெளுத்தி தின்றதைக் கக்கிவிடும். ஆனால் தின்னவே இல்லையே. யாரோ காலையில் போட்டிருக்கிறார்கள்.

முதலில் அக்காவைச் சந்தேகித்தேன். "பொறந்ததுலேர்ந்து நான் ஆறு மணிக்கு எழுந்து ஏதாவது செஞ்சிருக்கேனா?" என்றாள். ஏற்றுக்கொண்டேன். அப்பா எழுந்தது முதல் என்னோடுதான் இருந்தார். தீனி மூட்டையைப் பார்த்தேன். பழையது நேற்றோடு தீர்ந்துவிட்டது, இது பிரிக்காத புது மூட்டை, தையல் அப்படியே இருந்தது. அப்படியே இல்லை. தொழிற்சாலையில் பழுப்பு நூலில் பெரிய பெரிய தையலாகப் போட்டு அனுப்புவார்கள். இது நீல நூலில், சின்னத் தையலாக, நேர்க்கோட்டில், முனையில் முடிச்சுக்கூடத் தெரியாமல் இருந்தது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் மிஷினுக்கு முன்னால் வைத்தேன். மிஷினில் நீல நூல்.

அம்மா மூட்டையின் தையலை விரலால் தடவினாள். "அளவெடுக்கும்போது வயித்தை உள்ள இழுக்கிறவங்களைத்தான் இத்தனை வருஷமா பார்க்கிறேன். வெளிய தள்ளினா எப்படி இருக்கும்னு பார்த்தேன்" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். அறுக்க வேண்டிய நூல் எதுவும் அங்கே இல்லை.

"இந்த எடை செல்லாது" என்றேன்.

"ஏய், உண்மைக்கும் ஒரு அளவு வேணாமாடி?" என்றாள் அக்கா.

"எனக்கு மட்டும் அப்பா வேணாமா? ஆனா நானூத்தி ஆறுன்னு எழுதினா அது மீனோட எடை இல்லை. தீனியோட எடை." இதைச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. அதையும் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 31, சனி

நேற்று மாலை ஐந்து மணிக்குத் தீனி நிறுத்தம். மூட்டை என் கட்டிலுக்கு அடியில். நீல நூல் கண்டும் அங்கேதான்.

காலை எட்டு மணிக்கு எடை. அறுபது மீனும் சேர்ந்து இருபத்து மூவாயிரத்து எண்ணூற்று எண்பது கிராம். மூன்று தடவை வகுத்தேன். மூன்று தடவையும் முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு.

எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "ரெண்டு குறையுது. பேச்சுன்னா பேச்சு. சட்டைகூட இஸ்திரி போட்டுத் தயாரா இருக்கு." முகத்தை மிகவும் கஷ்டப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கையில் இருந்த வலையைக் கீழே வைக்கவில்லை.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். துணியைப் பார்ப்பது போலக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"நானூறு நான் வெட்டின அளவு. தையலுக்கு ரெண்டு போகும். தைச்சு முடிச்சா முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு. சரியாத்தான் இருக்கு."

"இதை நிபந்தனை போட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் அப்பா.

"தையல் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை."

அம்மா உள்ளே போய்விட்டாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நூல் கண்டு என் கட்டிலுக்கு அடியில் இருந்ததால் அது வெறும் மிஷின்தான்.

கடிதத்துக்கு அப்பா இன்றே பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. தபால் பெட்டிவரை கூடப் போனேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மீட்டர்களைத் திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "முழுசா இருக்கே" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

மாலையில் அக்கா, "அப்பா, அந்தக் கப்பல் இந்நேரம் கிளம்பியிருக்கும்ல?" என்று கேட்டாள். அப்பா வலையின் நாடாவை இறுக்கிக்கொண்டே, "எந்தக் கப்பல்?" என்றார்.

கெளுத்தி இருட்டில்தான் நன்றாகத் தீனி எடுக்கும் என்று ஒரு வாரமாகப் பார்த்து உறுதிசெய்திருக்கிறோம். கடைசித் தீனியை இப்போது பொழுது சாய்ந்த பிறகுதான் போடுகிறோம். போட்டதும் நான் தொட்டிச் சுவரில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து இன்றைய தீனிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "முடிச்சிட்டியா? அதுங்க இருட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் அப்பா. முடித்துவிட்டேன் என்றேன்.

இந்த வரியை வீட்டுக்குள் வந்து எழுதுகிறேன். ஏழு மணிக்கு அப்பா தொட்டி விளக்குகளை அணைத்தார்.